வீட்டில் உங்களுக்கென்று ஓரிடம் உண்டா?

புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர் நம் குடும்பங்களில் நடைபெறும் பேச்சை நீங்கள் அறிவீர்கள். ஹோல் எத்தனை அடி, விருந்தினர் அறை எந்தப் பக்கம், வாகனம் நிறுத்த எவ்வளவு இடம், குசினி ஒன்று போதுமா, விறகடுப்புக்கு வேறொன்று வேண்டுமா என்றெல்லாம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மேசன் பாஸோடு மணிக்கணக்கில் பேசுவார்கள். தொழுகைக்கென ஒரு சிறிய அறையை ஒதுக்குபவர்களும் உண்டு. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். ஆனால் அந்த வீட்டில் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப் போகிற பெண், தன் வேலைகள் முடிந்த பின் எங்கே உட்கார்ந்து தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்யப் போகிறாள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அவளும் கேட்பதில்லை.

கிழக்கு மாகாணத்தில் பெண் பிள்ளைக்கு வீடொன்றைக் கொடுத்துத் திருமணம் முடித்து வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த வழக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. வாப்பா வெளிநாட்டில் உழைத்தும் நானாமார் கடன்பட்டும் கட்டி முடித்த வீடு. உறுதியும் அவள் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அவளுடைய தையல் மெஷின் படுக்கையறை மூலையில், அயன் பண்ண வேண்டிய உடுப்புக்களைச் சுமந்துகொண்டு நிற்கும். பூவேலைச் சட்டகம் அலுமாரிக்கு மேலே தூசு பிடித்துக் கிடக்கும். பாடசாலை நாட்களில் ஆசையோடு வாங்கிய வர்ணப் பெட்டி எங்கே போனதென்று அவளுக்கே நினைவிருக்காது. ஹோலில் மட்டும் கண்ணாடி அலுமாரி நிறையப் பாவிக்காத பீங்கான்கள்!

பொழுதுபோக்கு அறை என்று சொன்னதும் சிலர் பெரிய திரையையும் மெத்தை இருக்கைகளையும் குளிரூட்டியையும் நினைத்துக்கொள்வார்கள். "மௌலவிக்கு ஏன் இந்த ஆடம்பரப் பேச்சு?" என்று கேட்கவும் கூடும். நான் பேச வந்தது அதுவல்ல. தைப்பதோ, றேந்தை பின்னுவதோ, வாசிப்பதோ, எழுதுவதோ, பூச்செடி வளர்ப்பதோ, பிள்ளைகளோடு உட்கார்ந்து கரம் விளையாடுவதோ, எதுவாயினும் சரி, அதற்கென வீட்டில் நிலையான ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் பேச்சு. அது பத்தடிக்குப் பத்தடி அறையாக இருக்கலாம். நான்கடி மூலையாகவும் இருக்கலாம்.

ஏன் இடம் வேண்டும்? திருமணத்தின் பின் ஏன் தைப்பதை விட்டீர்கள், ஏன் வரைவதை விட்டீர்கள் என்று எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் "நேரமில்லை" என்றே பதில் வரும். இப்பதிலைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். பகலுணவு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன பின்னர் ஒன்றரை மணித்தியாலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மெஷினைத் தூக்கி வந்து, துணியைத் தேடி, நூலைக் கோத்து ஆரம்பிக்க இருபது நிமிடம். பிள்ளைகள் திரும்பி வருமுன் ஊசி, கத்தரிக்கோல், குண்டூசி எல்லாவற்றையும் பொறுக்கி, மேசையைப் பழையபடி ஆக்க இன்னொரு இருபது நிமிடம். மிஞ்சுவது ஐம்பது நிமிடம். இரண்டு நாள் இப்படிச் செய்வாள். மூன்றாம் நாள், "போகட்டும், பிறகு பார்ப்போம்" என்று போனைக் கையிலெடுப்பாள். போனுக்கு விரிக்கவும் தேவையில்லை, மடிக்கவும் தேவையில்லை அல்லவா?

ஆகவே ஒரு பொழுதுபோக்கு இடத்துக்கு முதல் இலக்கணம் அழகல்ல, விசாலமல்ல. செய்துகொண்டிருந்ததைப் பாதியில் அப்படியே விட்டு எழும்ப முடிய வேண்டும்; மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிய வேண்டும். பன் பாய் இழைத்த நம் மூதாட்டிகளுக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. பாதி இழைத்த பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்திவிட்டு உலை வைக்கப் போனார்கள். வெட்டி வைத்த சட்டைத் துண்டுகளை அப்படிச் சுருட்டி வைக்க முடியாது.

திரை மறைத்த மாடம்

இடமில்லாத வீட்டில் இதெல்லாம் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டை நினைவூட்ட விரும்புகிறேன். மதீனாவில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வாழ்ந்த அறை எவ்வளவு சிறியது என்பதை ஹதீஸ்கள் மூலம் அறிகிறோம். நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது ஸுஜூது செய்வதற்கு இடம் விட, படுத்திருந்த அன்னையவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விளக்கும் இல்லாத வீடு. அதன் கூரை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்ததாகப் பின்னர் வந்த ஹஸன் அல்பஸரீ (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சிறிய அறையிலும் ஒரு மாடம் இருந்தது. அதற்கு ஒரு திரை இருந்தது. திரைக்குப் பின்னால் அன்னையவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ நபியவர்கள் திரும்பி வந்திருந்த சமயம் காற்றடித்துத் திரை விலகியது. பொம்மைகளுக்கு நடுவே துணித் துண்டுகளால் செய்த இரண்டு இறக்கைகளோடு ஒரு குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் வினவ, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தைப் பெரும்பாலும் பொம்மை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்காகவே நாங்கள் ஓதுகிறோம், ஓதிக் கொடுக்கிறோம். அந்த மாடத்தையும் திரையையும் எவரும் கவனிப்பதில்லை. உலகத்தின் மிக எளிமையான வீட்டில், ஒரு பெண்ணின் விருப்பத்துக்கென்று ஒரு மாடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை எவரும் "இடத்தை அடைக்கிறது" என்று அகற்றச் சொல்லவில்லை.

இடம் மட்டும் கொடுத்தால் போதாது, நேரமும் கொடுக்க வேண்டும். பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு விளையாடியபோது, அன்னையவர்கள் பார்த்து அலுத்துப் போகும்வரை நபியவர்கள் அவர்களுக்கு மறைவாக நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து "பிளேன்டீ எங்கே?" என்று கேட்கும் நம் வீட்டுக்காரர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இடத்தை எங்கே தேடுவது?

முதலில் விருந்தினர் அறையைப் பாருங்கள். வருடத்தில் இரண்டு பெருநாளைக்கும் ஒரு பெண் பார்க்கும் வைபவத்துக்கும் திறக்கப்படும் அறை பல வீடுகளில் உண்டு. மற்ற நாட்களில் அங்கே கதிரைகளுக்குத் துணி போர்த்தி, கதவையும் பூட்டி வைத்திருப்போம். வருடத்தில் பத்து நாள் வருகிறவர்களுக்கு ஓர் அறை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இருப்பவளுக்கு ஒன்றுமில்லை. இது நியாயமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அறையை முழுதாக மாற்ற வேண்டியதில்லை. யன்னலோரப் பாதியை எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு திரையோ குறுக்கே ஒரு அலுமாரியோ வைத்தால் விருந்தினர் வரும் நாளில் இழுத்து மறைத்துவிடலாம்.

அடுத்தது பின் விறாந்தை. கம்பி அடித்து நுளம்பு வலையும் போட்டுவிட்டால் அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது; குசினிச் சத்தமும் காதில் விழும், அடுப்பில் பால் பொங்குவதும் தெரியும். மாடிப்படியின் கீழே இருக்கும் இடமும் ஒருவருக்குப் போதும், வெளிச்சம் மட்டும் குறைவு. தகடு அல்லது அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழே சீலிங் இல்லாத அறையைத் தெரிவு செய்யாதீர்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் பிற்பகல் நேரத்தில்தான் அது அடுப்புப்போல் கொதிக்கும்.

வாடகை வீடு, கூட்டுக் குடும்பம், ஓர் அறைக்குள் நாலு பேர் என்றிருப்பவர்கள் என்ன செய்வது? இரண்டடிக்கு மூன்றடி அளவில் ஒரு மெல்லிய பலகை வாங்குங்கள். ஓரங்களில் விரல் மொத்தத்துக்குச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். துணி, நூல், பாதி பின்னிய தொப்பி, வரைந்துகொண்டிருக்கும் படம் எல்லாம் அந்தப் பலகை மேலேயே இருக்கட்டும். எழும்பும்போது பலகையோடு கட்டிலின் கீழே தள்ளிவிடுங்கள். மறுநாள் இழுத்தால் விட்டபடியே வரும். இதுவும் ஓர் அறைதான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊசியும் கத்தரிக்கோலும் மட்டும் பலகையில் இருக்கக் கூடாது. மூடியுள்ள தகரப் பெட்டியில் உயரத்தில் வையுங்கள். எழும்பும்போது ஒரு காந்தத் துண்டைத் தரையில் ஓட்டிப் பார்த்தால் சிதறிய குண்டூசிகள் அகப்படும்.

வெளிச்சமும் ஈரமும்

வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழலே வேலையின் மேல் விழும். மேசையை யன்னலுக்கு நேர் எதிரே போடுவதைவிடப் பக்கவாட்டில் போடுவதே கண்ணுக்கு நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சார மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்த அந்த நாட்களில், யன்னலோரம் கிடந்த பழைய மிதி மெஷின்கள்தான் ஓடின. உம்மாவின் மிதி மெஷினைப் பழைய இரும்புக்குக் கொடுக்க நினைத்திருப்பவர்கள் இன்னொரு முறை யோசியுங்கள்.

உட்கார்ந்து தைக்கும் மேசை 28 முதல் 30 அங்குல உயரம் இருந்தால் தோள் வலிக்காது. துணி வெட்டுவது வேறு வேலை. அதை நின்றுகொண்டு செய்வதே இடுப்புக்கு நல்லது, 36 அங்குல அளவில் ஒரு பலகை வேண்டும். கழற்றி வைத்த பழைய கதவொன்றை இரண்டு உயர்ந்த லாச்சிப் பெட்டிகளின் மேல் கிடத்தினால் அருமையான வெட்டு மேசை. பணம் கொடுத்து வாங்கும் மேசைகள் பலவும் அவ்வளவு நீளம் இரா.

நம் நாட்டு ஈரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தென்மேற்கில் மே முதல் செப்டம்பர் வரையும் கிழக்கில் வருடக் கடைசி மழையிலும் துணிக்கும் புத்தகத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும். றாக்கையை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். காற்று போய் வரட்டும். அந்த இடைவெளியால் இன்னொரு பயனும் உண்டு. மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்த்தால், கறையான் மண் குழாய் கட்டி ஏறத் தொடங்கியிருப்பது கண்ணில் படும். அலுமாரிக் கால்களின் கீழே ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்திவிடுவதும் நல்லது.

அயனையும் மெஷினையும் ஒரே நீட்டு வயரில் செருகாதீர்கள். அயன் இழுக்கும் மின்சாரத்துக்கு அந்த வயர் தாங்காது, சூடேறிவிடும். போத்தல் தண்ணீரில் மணி பிளான்ட் வைக்க விரும்புபவர்கள் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிப் போத்தலைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும்.

ஒரே பக்கம் திரும்பிய கதிரைகள்

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982இல் ஆரம்பமானது. அதற்கு முன் ஹோலில் கதிரைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அதன் பிறகு எல்லாக் கதிரைகளும் ஒரே பக்கம் திரும்பின. இன்று கைத்தொலைபேசி வந்து அந்தக் கதிரைகளையும் காலியாக்கிவிட்டது. நாலு பேர் நாலு மூலையில், நாலு திரை. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டு எல்லோரையும் வீட்டுக்குள் இருத்தியபோது இந்தக் குறை நன்றாகவே வெளிப்பட்டது. சேர்ந்திருக்க எல்லோரும் இருந்தார்கள், சேர்ந்து செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே உங்கள் பொழுதுபோக்கு அறைக்குள் தொலைக்காட்சியை வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஹலால் ஹராம் பேச்சாக இதைச் சொல்லவில்லை. திரை ஒன்று உள்ளே வந்தால் மற்ற எல்லாமும் அதற்கு இடம் விட்டு ஒதுங்கிவிடும் என்பதாலேயே சொல்கிறேன். வாசலில் ஒரு கூடை வைத்து, உள்ளே வருபவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வரும் பழக்கத்தை ஒரு வீட்டில் கண்டேன். அந்த வீட்டு வாப்பாவின் போன்தான் முதலில் கூடைக்குள் போகும். அதனால்தான் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கூடி விளையாட ஒன்று வேண்டுமென்றால் கரம் பலகையைச் சொல்வேன். வாப்பாவும் மகளும், உம்மம்மாவும் பேரனும் சமமாக விளையாடக்கூடியது. விளையாடும் பரப்பு 29 அங்குலச் சதுரம். சட்டத்தையும் நாலு பேர் உட்கார்ந்து முழங்கை அசைக்கும் இடத்தையும் சேர்த்தால் எட்டடிச் சதுரம் தாராளமாகப் போதும். குமிழ் பலகைக்கு நேர் மேலே தொங்க வேண்டும். பலகையில் தூவும் போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தவழும் பிள்ளைகள் உள்ள வீட்டில் விளையாடி முடிந்ததும் துடைத்து, டப்பாவை உயரத்தில் வையுங்கள். பகடை உருட்டும் விளையாட்டுக்களைப் பற்றிக் கேட்பீர்கள். அதனை ஹதீஸ் கண்டித்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபிலும் ஹராம் என்பதே வலுவான கருத்து. எனவே லூடோப் பெட்டியை வாங்குமுன் உங்களூர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தயம் வைத்து விளையாடுவது எந்த விளையாட்டிலும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இத்தாவில் இருப்பவளுக்கு

இந்த இடத்தின் அருமை தெரிய வரும் ஒரு காலம் உண்டு. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். நம் ஊர்கள் சிலவற்றில் இக்காலத்தில் அவளை ஓர் அறைக்குள் இருத்தி, யன்னலையும் மூடி, வெளிச்சமும் படாமல் வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் கத்தம் வரை சொந்தக்காரர் கூட்டம் இருக்கும். அதன் பிறகு அவளும் நாலு சுவரும்தான். சிந்தனையைத் தவிர அவளுக்கு வேறு வேலையில்லை. அந்தச் சிந்தனையே அவளை நோயாளியாக்கிவிடுகிறது.

மார்க்கம் அவளை அலங்காரத்தையும் வாசனையையும் தவிர்க்கச் சொன்னது. தேவையின்றி வெளியே போக வேண்டாமென்றது. மறுமணப் பேச்சைத் தள்ளி வைக்கச் சொன்னது. யன்னலை மூடச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் சொல்லவில்லை. நம் அறபுக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) இதைப்பற்றி எழுதியிருப்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இத்தாவிலிருக்கும் பெண் பகலில் உணவுப் பொருளும் நூலும் வாங்கப் போகலாம். இரவில் அண்டை வீட்டுப் பெண்ணிடம் நூல் நூற்கவும் பேசிக்கொண்டிருக்கவும் போகலாம், திரும்பி வந்து தன் வீட்டில் உறங்க வேண்டும் என்பதே நிபந்தனை. இமாமவர்கள் வபாத்தாகி 700 வருடத்துக்கும் மேலாகிறது. துக்கத்திலிருக்கும் பெண்ணுக்குக் கைவேலையும் பேச்சுத் துணையும் எவ்வளவு அவசியம் என்பதை அன்றைய அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் உம்மாவோ மாமியோ இத்தாவில் இருந்தால், யன்னலைத் திறந்து அவருக்குப் பிடித்தமான வேலையைப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். கேட்காமலே வையுங்கள், அந்த நிலையில் எவரும் கேட்டு வாங்க மாட்டார்கள்.

"சும்மாதானே இருக்கீங்க?"

இடத்தை அமைத்த பின் வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அது வெளியிலிருந்து வருவது. நோன்பு பாதி கழிந்ததும் துணிப்பையோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். "ராத்தா, சும்மாதானே இருக்கீங்க, இந்தப் பிள்ளைட சட்டையையும் ஒருக்கா அடிச்சித் தாங்களே!" என்பார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு இருபதாகும். பெருநாள் இரவு பன்னிரண்டு மணிக்கும் மெஷின் ஓடும். காசு கேட்கவும் வெட்கம், மறுக்கவும் வெட்கம். பெருநாள் கழிந்ததும் அந்த அறைக்குள் போகவே அவளுக்கு வெறுத்துப் போயிருக்கும்.

உழைப்பது நல்லதே. நபியவர்களின் மனைவியரில் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்துவந்தார்கள். கைத்தொழிலால் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆனால் தொழிலுக்குத் தைப்பது வேறு, மனத்துக்குத் தைப்பது வேறு. தொழில் என்றால் கூலியைச் சொல்லித் தையுங்கள். மனத்துக்கென்றால் மற்றவர் பையை வாங்கி வைக்காதீர்கள். இரண்டையும் கலப்பதால்தான் கூலியும் கிடைக்காமல் மகிழ்ச்சியும் கிடைக்காமல் போகிறது. "சும்மா இருக்கிறாள்" என்ற சொல்லை வீட்டிலுள்ளவர்களே முதலில் கைவிட வேண்டும். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் புத்தகம் வாசித்தால் மாமிக்கு முகம் கறுக்கிறது. அதே ஒரு மணித்தியாலம் அவள் கட்டிலில் படுத்துப் போன் பார்த்தால் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. இது எனக்கு விளங்காத புதிர்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் மகள்மாருக்கும் இந்த இடம் தேவை. காலையிலிருந்து இரவு வரை அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஓதிக் கொடுக்கும் எங்களுக்கு ஓரளவு தெரியும். "போனைப் பார்க்காதே" என்று நூறு முறை சொல்வதைவிட, பார்க்காமல் வேறென்ன செய்யலாம் என்பதைக் கண்ணெதிரே வைப்பது மேல். பாட்டியிடம் பாய் இழைக்கவோ உம்மாவிடம் றேந்தை பின்னவோ கற்றுக்கொள்ள அந்த மாதங்களைப்போல் வேறொரு காலம் அவர்களுக்கு வராது. றாக்கையில் ஒரு தட்டை மகளுடையது என்று ஒதுக்கிவிடுங்கள். அதற்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று கிளறாதீர்கள்.

கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்கள் அறை வேண்டுமென்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு மேசையும் ஒரு யன்னலும் என்று கேளுங்கள். முதலில் அந்த மேசையில் ஒரு மாதம் வேலை நடக்கட்டும். அதிலிருந்து அவருக்கொரு சாரன் ஓரம் தைக்கப்பட்டு, பிள்ளைக்கொரு தொப்பி பின்னப்பட்டு வெளிவந்தால், அடுத்த மாதம் றாக்கை அடிக்க அவரே ஆணி தேடுவார்.

வீடு இன்னும் கட்டி முடியாதவர்கள் இதழை மூடுவதற்கு முன் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் உட்காரப் போகும் இடத்தில் யன்னலின் அடி தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகாமலிருக்கட்டும். உயரத்தில் வைத்தால் வெளிச்சம் தலைக்கு மேலால் போய்விடும். ஆளியையும் பிளக் பொயின்ட் இரண்டையும் மேசை மட்டத்துக்கு ஓர் அடி மேலே, இடப்பக்கச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலை தொடங்குமுன் பாஸிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சுவரை வெட்ட வேண்டி வரும். அதற்கு வேறாகக் கூலி கேட்பார்.